வைஃபை மட்டும் இருக்கும் வீட்டில் லேன் இணைப்பு: முழுமையான வழிகாட்டி

கீழ்வீட்டில் ஓனருடைய ஃபைபர் ரூட்டர். மாடி போர்ஷனில் குடியிருக்கும் உங்களுக்குக் கிடைத்தது வைஃபை பாஸ்வேர்டு மட்டும். மாடியில் இருப்பதோ லேன் வயரை மட்டுமே ஏற்கும் ஒரு கேமரா டி.வி.ஆர்., ஒரு பழைய லேசர் பிரிண்டர். இந்த நிலைமையில் நாலைந்து வீடுகளுக்கு வயர் இணைப்பு செய்து கொடுத்திருக்கிறேன். அப்புறம் அவர்களே மறுபடி செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சாதாரண ரூட்டரில் நெட் வயர் வழியாக உள்ளே வந்து வைஃபையாக வெளியே போகும். இங்கே தலைகீழ்: வைஃபையாக உள்ளே வர வேண்டும், வயராக வெளியே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் இந்தத் திசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இந்த வேலை உங்களுக்குத் தேவையா?

டெஸ்க்டாப் ஒன்றுக்கு மட்டும் நெட் வேண்டுமென்றால் தேவையில்லை. யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள் வாங்கிச் சொருகினால் போதும். டி.வி.ஆர்., பிரிண்டர், ஐ.பி. போன் போன்றவற்றின் கதை வேறு. அவற்றில் கண்ட டாங்கிளைச் சொருகினாலும் டிரைவர் இருக்காது, ஒன்றும் நடக்காது.

ஓனர் ஒத்துக்கொண்டால் கீழேயிருந்து ஒரு லேன் கேபிளையே இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். வெளிச்சுவர் வழியாக வந்தால் வெயில் தாங்கும் அவுட்டோர் கேபிளாகப் போடுங்கள். கீழே நான் சொல்லப்போகும் எந்த வழியும் ஒரு நல்ல கேபிளுக்கு ஈடாகாது.

கரண்ட் வயரிலேயே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டரைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் என்றால் அதை நம்பி வாங்க வேண்டாம். இடையில் இன்வெர்டரும் வேறு ஃபேஸும் வந்தால் இன்னும் மோசம்.

2. மூன்று வழிகளில் ஒன்று

ஒரு நாள், இரண்டு நாள் தேவைக்கு லேப்டாப் போதும். அது வைஃபையில் நெட்டை வாங்கித் தன் லேன் போர்ட் வழியாகக் கொடுக்கும். பத்தாம் படியில் சொல்கிறேன்.

நிரந்தரமாக வேண்டும், செட்டிங்குகளோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால், லேன் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்குங்கள். போர்ட் இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், எல்லா மாடலிலும் இருக்காது. விலை குறைந்தவற்றில் இருப்பது 100 மெகாபிட் போர்ட். வைஃபை எவ்வளவு வேகமாக வந்தாலும் வயரில் 94, 95க்கு மேல் போகாது. டி.வி.ஆருக்கும் பிரிண்டருக்கும் அது தாராளம்.

மூன்றாவது, பரணில் கிடக்கும் பழைய ரூட்டர். செலவில்லை, ஆனால் வேலை அதிகம், தடுமாற்றமும் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். எக்ஸ்டெண்டர் வாங்கியவர்கள் 6 முதல் 9 வரையிலான படிகளைப் படித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: ஃபைபர் கம்பெனி முன்பு கொடுத்துவிட்டுப் போன வெள்ளை மோடத்தையும் 'பழைய ரூட்டர்' என்று எடுத்து வருகிறார்கள். வேறொரு வைஃபையில் போய்ச் சேரும் வசதி அவற்றில் பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கடையில் வாங்கிய ரூட்டரைத் தேடுங்கள்.

3. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும், எழுதி வைத்தபடி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் சேராது. இன்னொரு பெட்டியை இணைக்கப்போவதாக ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கனெக்ஷன் அவர் பெயரில் இருக்கிறது.

லேன் போர்ட் உள்ள லேப்டாப், நல்ல லேன் கேபிள் இரண்டு, ரீசெட் துளையில் குத்த ஒரு ஊசி அல்லது பேப்பர் கிளிப்.

ரூட்டரின் சொந்த அடாப்டர் மிக முக்கியம். பரணில் அடாப்டர்கள் கலந்து கிடக்கும். 9 வோல்ட் ரூட்டரிலும் 12 வோல்ட் அடாப்டரின் முனை அழகாக உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டது என்பதற்காகச் சுவிட்சைப் போடாதீர்கள். ரூட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் அடாப்டரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதிகமாக இருந்தால் பாதகமில்லை, குறையக் கூடாது.

கடைசியாக, கீழ்வீட்டு ரூட்டரின் முகவரி. உங்கள் போனை அந்த வைஃபையில் சேர்த்து, வைஃபை விவரத்தில் 'கேட்வே' அல்லது 'ரூட்டர்' என்ற இடத்தைப் பாருங்கள். 192.168.1.1, 192.168.0.1 போல ஒரு எண் இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த இரண்டு படிகளும் அந்த எண்ணை நம்பித்தான்.

4. ரீசெட் செய்து, வயரில் மட்டும் பேசுங்கள்

பழைய ரூட்டருக்கு கரண்ட் கொடுத்து, ரீசெட் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். பழைய கனெக்ஷனின் செட்டிங் மிச்சம் இருந்தால் பின்னால் எங்கே இடிக்கிறது என்றே தெரியாது, அதனால் துடைத்துவிட்டே தொடங்குங்கள்.

இப்போது லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். இதைச் சொன்னால் யாரும் பொருட்படுத்துவதில்லை. லேப்டாப் கீழ்வீட்டு வைஃபையிலும் இருந்து, இரண்டு ரூட்டருக்கும் ஒரே முகவரியாகவும் இருந்தால், பிரவுசரில் திறப்பது ஓனருடைய ரூட்டரின் பக்கமாக இருக்கலாம். ஒரு வீட்டில் தம்பி ஒருவர் தன் ரூட்டர் என்று நினைத்து ஓனருடைய வைஃபை பெயரையே மாற்றிவிட்டார். கீழேயிருந்து டி.வி. ஓடவில்லை என்று குரல் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

லேப்டாப்பிலிருந்து கேபிளை எடுத்து ரூட்டரின் லேன் போர்ட்டில் சொருகுங்கள். ஒரே நிறத்தில் வரிசையாக இருப்பவை லேன். தள்ளி, வேறு நிறத்தில் தனியாக இருப்பது வேன் (WAN) போர்ட். அதைத் தொடாதீர்கள். பிரவுசரில் ரூட்டர் அடியில் எழுதியிருக்கும் முகவரியைத் திறந்து உள்ளே போங்கள்.

5. முதலில் மோட், பிறகு முகவரி

வரிசை இங்கேதான் முக்கியம். 'ஆபரேஷன் மோட்' என்ற பக்கத்தைத் தேடுங்கள். சில மாடல்களில் அது 'வயர்லெஸ்' பகுதிக்குள் ஒளிந்திருக்கும். அங்கே இருக்கும் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் நமக்கு ஆகக்கூடியவை இரண்டுதான்.

ஒன்று 'விஸ்ப்' (WISP) மோட். இதில் பழைய ரூட்டர் கீழ்வீட்டு வைஃபையில் ஒரு போனைப் போலச் சேர்ந்துகொண்டு, தன் வயர்களுக்கென்று ஒரு தனி வலையை நடத்தும். மற்றது 'கிளையன்ட்' மோட். இதில் தனி வலை கிடையாது. வயரில் இருக்கும் கருவிக்குக் கீழ்வீட்டு ரூட்டரே முகவரி கொடுக்கும்.

டி.வி.ஆர்., டெஸ்க்டாப், டி.வி. என்றால் விஸ்ப் எடுங்கள். தகராறு குறைவு. கீழ்வீட்டு வைஃபையில் இருக்கும் போன்களும் லேப்டாப்களும் மாடி பிரிண்டருக்கு அச்சு அனுப்ப வேண்டுமென்றால் கிளையன்ட்தான் சரி. விஸ்பில் பிரிண்டர் தனி வலைக்குள் மறைந்துபோகும், கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

'டபிள்யூ.டி.எஸ்.' என்று ஒன்றும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் அது நடக்கும், இரண்டும் ஒரே சேனலில், அதாவது ஒரே வைஃபை அலைவரிசையில், நிற்கவும் வேண்டும். கீழ்வீட்டு ரூட்டர் சேனலைத் தானாக மாற்றிக்கொண்டால் இணைப்பு அறுந்துவிடும். வேறு வழியில்லாவிட்டால் மட்டும் அதைத் தொடுங்கள்.

மோடைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். சில மாடல்களில் அப்போது முகவரியும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதனால்தான் முகவரியை முதலில் மாற்றாமல் மோடுக்குப் பிறகு மாற்றச் சொல்கிறேன்.

விஸ்ப் என்றால் உங்கள் ரூட்டரின் லேன் முகவரி கீழ்வீட்டு வரிசையிலிருந்து (முகவரியின் முதல் மூன்று எண்கள்) விலகி இருக்க வேண்டும். கீழே 192.168.1.1 என்றால் இங்கே 192.168.50.1 வையுங்கள். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் நெட்டுக்குப் போகும் வழி எது, வீட்டுக்குள்ளேயே இருப்பது எது என்று ரூட்டருக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. 'வைஃபை சேர்ந்துவிட்டது, நெட் வரவில்லை' என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இதுதான். கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. (DHCP) ஆனிலேயே இருக்கட்டும்.

கிளையன்ட் என்றால் நேர்மாறு. அதே வரிசையில், யாருக்கும் போகாத ஒரு எண். கீழே 192.168.1.1 என்றால் இங்கே 192.168.1.250. டி.எச்.சி.பி.யை அணைத்துவிட வேண்டும். ஒரே வலையில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் கீழ்வீட்டுக் கருவிகளும் சேர்ந்து குழம்பும்.

டி.எச்.சி.பி.யை அணைத்தவுடன் ரூட்டர் பக்கம் திறக்காமல் போகும். பயந்து ரீசெட் செய்துவிடாதீர்கள். லேப்டாப்பின் லேன் செட்டிங்கில் 192.168.1.240 என்று கையால் ஒரு முகவரி கொடுத்தால் மறுபடி திறக்கும். வேலை முடிந்ததும் அதைத் தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள்.

6. வைஃபையில் சேர்த்தல்

'சர்வே' அல்லது 'ஸ்கேன்' பட்டனை அழுத்தினால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பட்டியல் வரும். கையால் பெயரை டைப் செய்யாமல் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள். பெயரில் ஒரு இடைவெளி பிசகினாலும் சேராது. எக்ஸ்டெண்டரிலும் இதே வேலைதான், ஆப் வழியாகவோ பிரவுசர் வழியாகவோ செய்வீர்கள்.

கீழ்வீட்டு வைஃபை பட்டியலிலேயே இல்லையா? உங்கள் ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்ததாக இருக்கலாம், கீழே 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆனில் இருக்கலாம். இன்னொரு காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்காவிலிருந்து மாமாவோ அண்ணனோ கொண்டுவந்த ரூட்டர் 12, 13ஆம் சேனல்களைப் பார்க்காது. நம் ஊரில் அந்தச் சேனல்களில் வைஃபை ஓடலாம். ஓனரிடம் சொல்லிச் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக வைக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

பட்டியலில் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் சேரவில்லை என்றால் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். கீழ்வீட்டுப் புது ரூட்டரை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய ரூட்டரால் உள்ளே நுழைய முடியாது. அதை டபிள்யூ.பி.ஏ. 2உம் 3உம் கலந்த மோடுக்கு மாற்ற வேண்டும். கருவியின் அடையாள எண்ணான மேக் (MAC) எண்ணைப் பார்த்து மட்டுமே உள்ளே விடும் மேக் ஃபில்டர் போட்டிருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே கொடுக்க வேண்டியது உங்கள் ரூட்டரின் வயர்லெஸ் மேக் எண். அடியில் ஒட்டியிருப்பது லேன் எண்ணாக இருக்கலாம், பெரும்பாலும் கடைசி எழுத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கும்.

சேர்ந்த பிறகு, உங்கள் பெட்டி (பழைய ரூட்டரோ எக்ஸ்டெண்டரோ) தானும் ஒரு வைஃபையை வெளியே விடுகிறதா என்று பார்த்து அதை அணையுங்கள். ஒரே ரேடியோவில் வாங்குவதும் கொடுப்பதும் நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். நமக்கு வேண்டியது வயர் மட்டும்தானே.

7. பெட்டிக்கு இடம்

எல்லோரும் பெட்டியைக் கொண்டுபோய் டி.வி.ஆர். பக்கத்தில் வைக்கிறார்கள். டி.வி.ஆர். இருப்பது பெரும்பாலும் பீரோவுக்கு மேலே, பூட்டிய அலமாரிக்குள், இல்லையென்றால் பரணில். சிக்னல் அங்கே எப்படி வரும்?

பெட்டியைச் சிக்னல் வரும் இடத்தில் வையுங்கள். அங்கிருந்து டி.வி.ஆருக்கு வயர் போகட்டும். பதினைந்து மீட்டர் கேபிளில் வேகம் துளியும் குறையாது. ஒரு கான்கிரீட் தளமும் ஒரு இரும்பு பீரோவும் சேர்ந்தால் வைஃபை பாதி செத்துப்போகும். வீட்டில் படிக்கட்டு திறப்பு எங்கே இருக்கிறதோ, அதன் அருகில்தான் மாடிக்கு நல்ல சிக்னல் கிடைக்கும். ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர் டிரம், மீன் தொட்டி, ஃப்ரிட்ஜ் இவற்றின் பின்னால் வைக்காதீர்கள்.

பிரவுசரில் திறக்கும் பெட்டியின் செட்டிங் பக்கத்திலேயே சிக்னல் அளவு (dBm) காட்டும். மைனஸ் 50க்குப் பக்கம் என்றால் பிரமாதம். மைனஸ் 67 வரை நிம்மதியாக ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டினால் பகலில் ஓடி, அக்கம்பக்கம் எல்லோரும் வீடு திரும்பிய பின் இரவில் அறுந்துகொண்டே இருக்கும். அரை மீட்டர் நகர்த்தினாலும் எண் மாறும், பொறுமையாக நாலு இடத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டி 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் என்றாலும், தளம் தாண்டி வருவதற்கு 2.4தான் கெட்டி.

8. வயரைச் சொருகுதல்

கருவியின் கேபிள் போக வேண்டியது லேன் போர்ட்டில். வேன் என்பது நெட் உள்ளே வரும் வாசல். இப்போது நெட் வைஃபையில் வருவதால் அந்த வாசலுக்கு வேலையே இல்லை. சில மாடல்கள் விஸ்பில் அதையும் லேனாக மாற்றிக்கொள்ளும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

டி.வி.ஆரைச் சொருகும் முன் லேப்டாப்பைச் சொருகி நெட் வருகிறதா என்று பாருங்கள், அதன் வைஃபை இன்னும் அணைந்தே இருக்கட்டும். டி.வி.ஆரில் தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டம், லேப்டாப்பில் சுலபம். லேப்டாப்பில் ஓடி டி.வி.ஆரில் ஓடவில்லை என்றால் பிரச்சினை டி.வி.ஆரின் செட்டிங்கில்தான்.

9. டி.வி.ஆரும் பிரிண்டரும்

கேமரா மாட்ட வந்தவர் டி.வி.ஆருக்கு ஒரு முகவரியைக் கையால் போட்டுவிட்டுப் போயிருப்பார். சில கம்பெனி டி.வி.ஆர்.கள் கடையிலிருந்தே 192.168.1.108 போல ஒரு நிலையான எண்ணோடுதான் வரும். உங்கள் வலை 192.168.50 வரிசை என்றால் அதற்கு நெட் கிடைக்காது. நெட்வொர்க் பக்கத்தில் டி.எச்.சி.பி.யை ஆன் செய்யுங்கள். க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து போனில் கேமரா பார்க்கும் வகை என்றால் அவ்வளவுதான் வேலை. போர்ட் ஃபார்வர்ட் செய்து, அதாவது வெளியிலிருந்து டி.வி.ஆருக்கு ரூட்டரில் வழி திறந்து, பார்க்கும் பழைய முறை விஸ்பில் தொல்லை. கீழ் ரூட்டரில் ஒருமுறை, இங்கே ஒருமுறை என்று இரண்டு இடத்தில் திறக்க வேண்டியிருக்கும்.

பிரிண்டருக்கு முகவரி மாறாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். விஸ்ப் என்றால் உங்கள் பெட்டியிலேயே 'அட்ரஸ் ரிசர்வேஷன்' போடுங்கள். கிளையன்ட் என்றால் பிரிண்டரிலேயே நிலையான எண் கொடுப்பது நல்லது. அந்த மோடில் பல பெட்டிகள் தனக்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் தன் மேக் எண்ணிலேயே காட்டும், அதனால் கீழ் ரூட்டரில் போடும் ரிசர்வேஷன் குழம்பக்கூடும்.

10. லேப்டாப் வழியாக

விண்டோஸில் லேப்டாப்பை வைஃபையில் சேர்த்துவிட்டு, கண்ட்ரோல் பேனலில் 'நெட்வொர்க் கனெக்ஷன்ஸ்' பக்கத்தைத் திறங்கள். வைஃபை மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்' டேப். மற்றவர்கள் இந்தக் கணினியின் இணையத்தைப் பயன்படுத்தலாம் என்ற முதல் கட்டத்தை டிக் செய்து, கீழே 'ஈதர்நெட்' என்று தேர்ந்தெடுங்கள்.

இங்கேயும் திசைதான் பிரச்சினை. ஷேரிங் போட வேண்டியது நெட் வரும் வைஃபை மேல், கொடுக்கப்போகும் ஈதர்நெட் மேல் அல்ல. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'பிரிட்ஜ்' போடுவதும் பல நேரம் வேலைக்காகாது. வைஃபை ரூட்டர் தன்னிடம் சேர்ந்த லேப்டாப்பின் மேக் எண்ணை மட்டும்தான் அறியும், அதன் முதுகுக்குப் பின்னால் இருந்து இன்னொரு எண் பேசினால் ஏற்காது.

எல்லாம் சரியென்றால் ஈதர்நெட்டுக்கு 192.168.137.1 என்ற முகவரி வரும், சொருகிய கருவிக்கும் அதே வரிசையில் ஒன்று கிடைக்கும். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்த பிறகு ஷேரிங் வேலை செய்யாமல் போவது வழக்கமான கோளாறு. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். மூடி வைத்தால் தூங்காதபடி பவர் செட்டிங்கையும் மாற்ற வேண்டும்.

உபுண்டுவில் இன்னும் சுலபம். வயர்டு இணைப்பின் ஐ.பி.வி.4 முறையை 'ஷேர்ட் டு அதர் கம்ப்யூட்டர்ஸ்' என்று மாற்றினால் 10.42.0.1 என்ற முகவரியில் அது கொடுக்க ஆரம்பித்துவிடும்.

லேப்டாப்பும் இல்லை, புதிதாக ஓ.எஸ். போட்ட டெஸ்க்டாப்புக்கு ஒருமணி நேரம் நெட் வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஆண்ட்ராய்டு போனை வைஃபையில் சேர்த்து, யு.எஸ்.பி. கேபிளில் சொருகி, 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்யுங்கள். போன் வாங்கும் வைஃபையே போகும். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், வைஃபை ஒரு நொடி அறுந்தாலும் அப்டேட் எல்லாம் அதில் இறங்கி அன்றைய டேட்டா காலியாகிவிடும்.

11. ஹாஸ்டல், லாட்ஜ் வைஃபை

சேர்ந்தவுடன் லாகின் பக்கம் திறக்கும் வைஃபையில் விஸ்ப் மோட் வேலை செய்யும். வயரில் இருக்கும் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து ஒருமுறை லாகின் செய்தால், பெட்டிக்கே அனுமதி கிடைத்துவிடும். பாஸ்வேர்டோடு யூசர்நேமும் கேட்டுச் சேர்க்கும் கல்லூரி வைஃபை வேறு ரகம். அதில் சாதாரண எக்ஸ்டெண்டர்கள் பெரும்பாலும் சேராது, லேப்டாப் வழிதான் மிச்சம். விடுதி விதிகளில் இதற்கு இடமிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

12. நெட் வரவில்லை என்றால் பார்க்கும் வரிசை

வயரில் இருக்கும் லேப்டாப்பின் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் யாரும் அதற்கு முகவரி கொடுக்கவில்லை. கேபிள் வேன் போர்ட்டில் இருக்கிறதா, விஸ்பில் டி.எச்.சி.பி. அணைந்திருக்கிறதா, கிளையன்டில் வைஃபை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தால் பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறங்கள். விஸ்பில் அங்கே வேன் முகவரி என்று கீழ்வீட்டு வரிசையில் ஒரு எண் இருக்க வேண்டும். 0.0.0.0 என்றால் வைஃபை சேரவில்லை, ஆறாம் படிக்குத் திரும்புங்கள். எண் இருக்கிறது, ஆனால் அது உங்கள் லேன் வரிசையைப் போலவே இருக்கிறது என்றால் ஐந்தாம் படி.

எல்லாம் சரியாக இருந்து திடீரென்று ஒருநாள் நின்றுபோனால், செட்டிங்கில் கை வைக்கும் முன் கீழே இறங்கிப்போய் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார்களா என்று கேளுங்கள். போன்களுக்கு எல்லோரும் புதுப் பாஸ்வேர்டு கொடுத்துவிடுவார்கள். பெட்டியின் நினைவு யாருக்கும் வராது. அதன் முகவரி, உள்ளே போகும் பாஸ்வேர்டு, எந்த மோட் என்ற மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அடியில் ஒட்டி வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்.